ஆறாம் எண்ணை அழுத்திய கதை

‘வெள்ளிமலை, புதன், மாலை. ஆறு கணினிகளும் சட்டப்படி சுத்தம். இனி எவருக்கும் அஞ்ச வேண்டாம்.’ என் குறிப்பேட்டில், அந்த வருடத்து ஆயுத பூஜைக்கு முந்தின வாரத்தில், இப்படி இருக்கிறது. மறுநாள் வியாழன். அந்தப் பக்கத்தில் ஒரே சொல்தான்: ‘அஞ்சினேன்.’

எதையும் நாள் கிழமையோடு எழுதி வைக்கிறவள் நான். (சிலிண்டர் மாற்றிய நாள், பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்ட நாள், எதைக் கேட்டாலும் கிடைக்கும்.) நிறையப் படித்தவள் என்ற தலைக்கனமும் அப்போது உண்டு. அப்படிப்பட்ட ஒருத்தியைக் கல்வராயன் மலையில் ஒரு விடுதிப் பள்ளிக்குத் தற்காலிகக் கணினி ஆசிரியையாக அனுப்பினார்கள்.

அங்கே நடந்தது கணினியைத் தட்டப் பழகும் வகுப்பு அல்ல, கட்டப் பழகும் வகுப்பு! ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் உதிரி பாகங்களைக் கோர்த்து, திருகி, முழுக் கணினியாக எழுப்புவார்கள். முதல் கணினி உயிர்பெற்று ‘பீப்’ என்றபோது பவித்ரா என்ற மாணவி குதித்த குதியில் மேசையிலிருந்த திருகாணி ஒன்று தெறித்து ஓடியது. (இன்னும் கிடைக்கவில்லை.)

உதிரி பாகங்களைக் கொடுத்தது ஓர் அறக்கட்டளை. அவர்கள் போட்ட நிபந்தனை, எல்லாவற்றிலும் உரிமம் பெற்ற இயங்குதளம்தான் இருக்க வேண்டும் என்பது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தால் கொடுத்ததையெல்லாம் வேறு பள்ளிக்கு எடுத்துப் போய்விடுவார்கள். வகுப்பும் அத்தோடு முடிந்துவிடும். வியாழக்கிழமை அவர்களுடைய அதிகாரி பார்வையிட வருவதாக ஏற்பாடு.

கள்ளக்குறிச்சியில் கணினிக் கடை வைத்திருந்த கபூர் பாயிடம் போய் ஆறு உரிமம் கேட்டேன்.

“இன்னாம்மா, ஒரிஜினலா?” என்று எழுந்தே நின்றுவிட்டார். “வண்டி ஓட்டறவனே லைசென்ஸ் இல்லாம சுத்திக்கினு கீறான். நீ கம்ப்யூட்டருக்குக் கேக்கற!”

“ஆறும் ஒரிஜினலா வேணும் பாய்.”

“வாங்கித் தரேன். ஆனா ஒண்ணு. இந்த லைசென்ஸ் நம்பருக்குப் பேரு சாவி. அத ஒருதடவ போட்டா, உள்ள இருக்கற மதர்போர்டோட நிக்காஹ் ஆன மாதிரி. அப்பறம் போர்ட மாத்திட்டேன்னு வந்து நிக்காத.”

தலையாட்டினேன். (‘இதெல்லாம் எனக்குத் தெரியாதா’ என்கிற தலையாட்டல்.) ஆறு பெட்டிகளையும் ஜீப்பில் ஏற்றி மலையிறக்கி, பாய் கடை இணையத்தில் உரிமங்களைப் பதிந்து, பத்திரமாக மறுபடி மலையேற்றினேன். பெட்டி, திரை, சுட்டி எல்லாவற்றுக்கும் எண் எழுதி ஒட்டினேன். தூசி துடைக்கும் துணிக்குக்கூட எண் உண்டு. பெட்டிக்குள் எல்லாப் பாகங்களும் பொருந்துகிற பச்சைப் பலகையான மதர்போர்டுக்கு மட்டும் ஒட்டவில்லை. உள்ளே இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள்?

அதிகாரி பார்த்தார்.

“பிள்ளைங்களே கட்டறாங்கன்னு சொன்னீங்களே, ஒண்ணக் கழட்டிக் காட்டச் சொல்லுங்களேன்” என்றார்.

ஒன்றைத்தான் கேட்டார். நான்தான் உற்சாகம் தாங்காமல், “ஆறையும் கழட்டுங்க!” என்று கூவினேன். அடடா, அந்தக் காட்சி! திருப்புளிகள் சுழன்றன. எல்லாம் ஒரே மேசையில் குவிந்தன. யார் முதலில் கட்டுவது என்று போட்டி வேறு! கடைசி மூடியைத் திருகிப் பொத்தானை அழுத்தியதும் ஆறும் உயிர்பெற்றன. அதிகாரி கைதட்டினார். எங்கள் தலைமையாசிரியர் ஹெச்.எம். ஐயா என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

அப்புறம் ஆறு திரைகளிலும் ஒரே அறிவிப்பு எழுந்தது: இது அசல் பிரதிதானா என்று சந்தேகமாக இருக்கிறது.

“போர்டெல்லாம் மாறிப்போச்சு மிஸ்” என்றாள் பவித்ரா. “எது எதோடதுன்னே தெரியல. எல்லாம் ஒரே பச்சையா கீது.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “அப்ப இதெல்லாம்…?”

“அசல்தான் சார்! போன்லயே பதிஞ்சு காட்டறேன்!”

அப்படி ஒரு வழி இருப்பதைப் படித்திருந்தேன். திரையில் வரும் நீண்ட எண்ணைத் தொலைபேசியில் அழுத்தினால் பதில் எண் ஒன்று தருவார்கள். பள்ளியில் சிக்னல் கிடையாது. கச்சிராயபாளையம் இறங்கும் மலைப்பாதையில், ஒரு வளைவில், ஒரு பாறையின்மேல் மட்டும் கிடைக்கும். ஆறு திரைகளின் எண்களையும் எழுதிக்கொண்டு கிளம்பினேன். அதிகாரி, ஹெச்.எம்., மொத்த வகுப்பும் பின்னால் ஊர்வலம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பாறையில் ஏறி, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். (மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது!)

பதிவு செய்த குரல் ஒன்று ஆங்கிலத்தில் வழிநடத்தியது. முதல் கணினியின் எண்ணை அழுத்தினேன். கடைசியாக ஒரு கேள்வி: இந்தப் பிரதியை எத்தனை கணினிகளில் போட்டிருக்கிறீர்கள்?

கணக்குக் கேட்டால் எனக்குக் கொண்டாட்டம். ஆறை அழுத்தினேன்.

பதிய இயலாது என்றது குரல்.

எதையோ கணக்கில் விட்டிருக்கிறேன் என்று தோன்றியது. ஹெச்.எம். அறையில் ஒரு பழைய கணினி இருப்பது நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் மறுபடி அழுத்தி, இந்த முறை ஏழு என்றேன். குரல் முன்னைவிடக் கறாராக மறுத்ததாகப் பட்டது.

“என்னுத ஏம்மா இதுல இழுக்கற?” என்றார் ஹெச்.எம்., கீழேயிருந்து.

அதற்குள் வெள்ளிமலை போகும் பேருந்து வளைவில் வந்து வழியில்லாமல் நின்றது. கண்டக்டர் தலையை நீட்டி, “டீச்சர், கரண்ட் ஆபீசுக்கா பேசிக்கினு கீறீங்க? எங்க வூட்டாண்டையும் இல்லன்னு சொல்லுங்க!” என்றார்.

கபூர் பாயை அழைத்தேன். ஸ்பீக்கரை அணைக்கத் தோன்றவில்லை.

“பாய், எத்தன கம்ப்யூட்டர்னு கேக்குது. ஆறுன்னேன். மாட்டேங்குது.”

“அய்யய்யோ! ஒண்ணுன்னு சொல்லும்மா!”

“ஆறு இருக்கறப்ப ஒண்ணுன்னா பொய்யில்லையா?”

“ஆறு சாவி வாங்கினியா இல்லியா? ஒரு பொட்டிக்கு ஒரு சாவி. இந்த ஒரு சாவிய எத்தினி பொட்டில போட்டேன்னு அது கேக்குது. நீ ஆறுன்னா, ஒண்ண வாங்கிட்டு அஞ்ச திருடிட்டேன்னு நீயே சொல்ற மாதிரி!”

பேருந்தின் இன்ஜினை அணைத்துவிட்டு எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். செய்யாத திருட்டை நான் ஒப்புக்கொண்டிருந்தேன். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. இரண்டாம் முறை எண்ணிக்கையைக் கூட்டி, ஹெச்.எம். ஐயாவையும் கூட்டுச் சேர்த்து, பாறைமேல் நின்று, ஒலிபெருக்கி வைத்து.

அதிகாரியைப் பார்த்தேன். முகத்தைக் கைக்குட்டையால் மூடியிருந்தார். தோள்கள் குலுங்கின. “மேடம்…” என்று ஆரம்பித்து, முடியாமல் பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். “ஒண்ணு… ஒண்ணு போடுங்க!”

போட்டேன். பதில் எண் வந்தது! அடுத்த ஐந்து கணினிகளுக்கும் குரல் அந்தக் கேள்விக்கு வரும்போதெல்லாம், பிள்ளைகளும் பேருந்திலிருந்து இறங்கியவர்களும் சேர்ந்து, மலை அதிர, “ஒண்ணு!” என்று கத்தினார்கள். பள்ளிக்குத் திரும்பி எண்களைத் தட்டியதும் ஆறு திரைகளும் வாயை மூடிக்கொண்டன. பவித்ரா முதல் வேலையாக, ஆறு மதர்போர்டுகளிலும் எண் ஒட்டினாள்.

அறக்கட்டளை எதையும் திருப்பிக் கேட்கவில்லை. புதிதாக ஒரு பெட்டி உதிரி பாகங்களும் அனுப்பியது. எனக்கு மட்டும் விடுதலை இல்லை. இன்றும் கல்யாணப் பந்தியிலோ பேருந்திலோ எத்தனை பேர் என்று கேட்டால், நான் வாயைத் திறக்கும் முன் என் கணவர் “ஒண்ணுன்னு சொல்லு” என்பார். நான் மூன்றாவது தோசை கேட்டால், “ஒண்ணுன்னு சொல்லும்மா!” என்று அடுக்களையிலிருந்து மகன் குரல் கொடுப்பான்.

அதிகாரியின் அறிக்கையில் ‘காணப்பட்ட குறைகள்’ என்ற இடத்தில் ‘ஒன்று: ஆசிரியை’ என்று எழுதியிருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக ஹெச்.எம். ஐயா இன்றும் சத்தியம் செய்கிறார். அந்த அறிக்கையை நான் பார்த்ததில்லை. எனவே இந்தத் தகவல் சரிபார்க்கப்படவில்லை என்றே இங்கே பதிகிறேன்.