கடைசி ஷாட்டுக்கு ஒரு முகம்

மனைவியை அழவைத்தே தீருவது என்று டைரக்டர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முடிவெடுத்தார்.

உடனே அவரைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவர் மனைவியிடம் குரலை உயர்த்தியது ஒரே ஒரு முறைதான். அதுவும் "சைலன்ஸ்!" என்று. அப்போது அவள் மிக்ஸியைப் போட்டிருந்தாள். "இது சமையலறை. சைலன்ஸ் வேணும்னா லைப்ரரிக்குப் போங்க" என்று பதில் வந்தது. அதற்கப்புறம் அவர் குரல் உயரவே இல்லை. இப்போது அழவைக்க நினைத்ததும் முழுக்க முழுக்கக் கலைக்காகத்தான்.

நான்கு வருடமாக ஒரே படத்தை எடுத்துக்கொண்டிருக்கிற மனிதர் அவர். தெருவில் எல்லோரும் டைரக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதைக்கா, கிண்டலுக்கா என்று அவர் இதுவரை விசாரிக்கவில்லை. யூனிட் மொத்தம் மூன்று பேர். எழுத்து, இயக்கம், எடிட்டிங் எல்லாம் அவர். ஒளிப்பதிவு, பக்கத்து வீட்டு போட்டோகிராபர். கல்யாண ஆர்டர் இல்லாத நாளில் வருவார். மிச்சமிருக்கிற எல்லா இலாகாவும் மனைவி. லைட் பிடிப்பாள், ஸ்கிரிப்ட் டைப் அடிப்பாள், டீ போடுவாள், மழை வந்தால் முதலில் கேமராவையும் பிறகு துணியையும் உள்ளே எடுத்து வைப்பாள். ஸ்டூடியோ? அவர்கள் குடியிருக்கிற வீடுதான்.

சரி, நடிகர்கள்? அங்கேதான் டைரக்டரின் மூளை வேலை செய்தது. நடிகர்களைப் போட வசதி இல்லை. ஆகவே முகமே காட்டாமல் ஒரு படம் எடுத்துவிடுவது என்று தீர்மானித்தார். ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு வீடு. படம் நெடுக முதுகு, கை, கால், நிழல். முதுகு டைரக்டருடையது. கை மனைவியுடையது. "கை வேணும்னா எடுத்துக்கோங்க. முகத்தைக் கேட்டீங்க, கையும் கிடையாது" என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள். அந்தக் கைக்கு ஒரு நீல ஸ்வெட்டர். நான்கு வருடமாக, எந்த வெயிலாக இருந்தாலும், ஷூட்டிங் என்றால் நீல ஸ்வெட்டர்.

கடைசி ஷாட்டில் மட்டும் ஒரு முகம் வரவேண்டும். கதையில் கணவன் ஒரு வயலின்காரன். ஒரு காலையில் மனைவியிடம் வந்து, வயலினை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போகிறேன் என்கிறான். அப்போது அவள் முகம் முதல்முறையாகத் தெரியும். அதில் நிம்மதியும் இருக்கவேண்டும், எதையோ பறிகொடுத்த துக்கமும் இருக்கவேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில். இதற்காக ஒரு நாடக நடிகையைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தார். நிம்மதி வந்தால் துக்கம் வரவில்லை. துக்கம் வந்தால் நிம்மதி வரவில்லை. இருபத்தேழாவது டேக்கில் கோபம் வந்தது. அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

உண்மையைச் சொன்னால், அந்த முகம் யாரிடம் இருக்கிறது என்று டைரக்டருக்குத் தெரியும். அவருடைய முதல் படம் ஒரு விழாவிலும் தேறாமல் திரும்பி வந்த அன்று, "போனா போகுது, இனிமேலாவது நேரத்துக்குத் தூங்குவீங்க" என்று சொல்லிச் சிரித்தாள் அவர் மனைவி. வாய் சிரித்தது. கண் சிரிக்கவில்லை. அந்த முகத்தை அவர் இன்னும் மறக்கவில்லை. சொல்லப்போனால், இந்தப் படத்தையே அந்த முகத்துக்காகத்தான் எழுதினார். அதை அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் படத்தை விழாவுக்கு அனுப்பவேண்டும். வியாழனிலிருந்து போட்டோகிராபருக்கு வரிசையாகக் கல்யாணம். ஆக, புதன் காலை ஒன்றுதான் பாக்கி. அதை விட்டால் நான்கு வருட உழைப்பும் பெட்டிக்குள் போய்விடும்.

செவ்வாய் மதியம், மனைவி கடைக்குப் போன நேரத்தில், டைரக்டர் போட்டோகிராபரிடம் திட்டத்தை விளக்கினார்.

"நீங்க ஸ்டோர் ரூம்ல கேமராவோட ஒளிஞ்சுக்கறீங்க. கதவு நாலு விரல் திறந்திருக்கும். எட்டு மணிக்கு ஜன்னல் வெளிச்சம் நேரா அவ நாற்காலில விழும். நான் எதிர்ல உக்காந்து, சினிமாவையே விட்டுடறேன், கேமராவை வித்துடறேன்னு சொல்லுவேன். அவ முகம் மாறும். நீங்க எடுத்துடுங்க."

"பாவமா இருக்கே, டைரக்டர்."

"எனக்கு மட்டும் இல்லையா? அப்புறம் உண்மையைச் சொல்லி கால்ல விழுந்துடறேன்."

"ஷாட் முடிஞ்சதும் விழுவீங்களா, படம் முடிஞ்சதும் விழுவீங்களா?"

"அதை எடிட்டிங்ல பாத்துக்கலாம்."

புதன்கிழமை விடிந்தது. மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து போட்டோகிராபர் பின்கதவு வழியாக வந்து, வெங்காய மூட்டைக்கும் பழைய பாய்க்கும் நடுவில் செட்டில் ஆனார். டைரக்டர் சத்தம் பதிவாகாமலிருக்க ஃபேனை நிறுத்தினார். ஃபிரிட்ஜை நிறுத்தினார். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மனைவி வந்ததும், நெற்றியில் வியர்வை வழிய, நீல ஸ்வெட்டரை நீட்டினார்.

"இதைப் போட்டுக்கோ. இன்னிக்கு ஒரே குளிரா இருக்கு."

அவள் ஸ்வெட்டரைப் பார்த்தாள். அவர் நெற்றியைப் பார்த்தாள். நிற்கிற ஃபேனைப் பார்த்தாள்.

"ஆமாங்க, பல்லு கிட்டுது" என்று சொல்லிப் போட்டுக்கொண்டாள்.

டைரக்டருக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. எவ்வளவு வெள்ளந்தி என்று நெகிழ்ந்தார். டீயும் ரொட்டியும் மேஜைக்கு வந்தன. வெளிச்சம் சரியாக அவள் நாற்காலியில் வந்து விழுந்தது. அவள் உட்காரவில்லை.

"ஏங்க, இந்த நாற்காலி ஆடுது. நீங்க இங்க வாங்க. நான் உங்க நாற்காலில உக்காந்துக்கறேன்."

"ஆடுதா? ஆடாதே! நேத்துதான் நான் உக்காந்து பாத்தேன்."

"என் நாற்காலில நீங்க எதுக்கு நேத்து உக்காந்தீங்க?"

"சும்மா... நீ எப்படி உக்கார்றன்னு பாக்கலாம்னு..."

"அவ்வளவு அக்கறை இருக்கறவர் ஆடற நாற்காலில என்னை உக்கார வைப்பீங்களா?"

ஆடாத நாற்காலியை ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு டைரக்டர் இடம் மாறினார். ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் பளீரென்று அடித்தது. மனைவியின் முதுகு ஸ்டோர் ரூமைப் பார்த்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று அவர் நினைத்த அதே நேரத்தில், ஸ்டோர் ரூமுக்குள் மெல்லக் கிரீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. கெட்டிக்காரன், கேமராவை எடுத்துக்கொண்டு வேறு வழியாகச் சுற்றி வருகிறான் என்று டைரக்டர் தெம்பானார். அந்த ஸ்டோர் ரூமுக்கு வேறு வழியே கிடையாது என்பது அந்த நிமிடம் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"என்னமோ சொல்ல வந்தீங்களே?" என்றாள் மனைவி.

"நானா? ஆமா. வந்து... இனிமே என்னால முடியாது. இத்தனை வருஷம் ஓடிப் பாத்துட்டேன். இதை வித்துட்டு நாலு பேர் மாதிரி ஒரு வேலைக்குப் போயிடறேன்."

"எதை?"

"கேமராவை."

அவள் முகத்தில் நிம்மதியும் இல்லை, துக்கமும் இல்லை. ரொட்டியைக் கடித்துக்கொண்டே, "நல்ல முடிவு. என்னிக்கிலிருந்து?" என்றாள்.

டைரக்டர் இதை எதிர்பார்க்கவில்லை. "என்னிக்கிலிருந்துன்னா... பொறுமையா..."

"பொறுமை எதுக்கு? அண்ணன் எத்தனை நாளா கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு!"

அடுத்த நொடி போன் ஸ்பீக்கரில் அவளுடைய அண்ணன் இருந்தார். பெயிண்ட் கடைக்காரர். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்.

"மாப்ள! கேட்டதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. திங்கக்கிழமையே வந்துடுங்க. கலர் கலக்கற மெஷின் உங்களுக்காகவே காத்துக்கிட்டு இருக்கு. சினிமாக்காரர் கலர் கலக்கினா சுவரே பேசும்! அப்புறம்... அப்புறம் இன்னும் என்னமோ இருந்துச்சே..."

"இருக்கட்டும்ணா, அது போதும்" என்று மனைவி போனை வைத்துவிட்டாள். "பாத்தீங்களா, எவ்வளவு பாசம்! சரி, கேமரா வைக்கிற அலமாரியை இன்னிக்கே காலி பண்ணிடுங்க. அதுல குடையை வெச்சுக்கலாம். ஸ்கிரிப்ட் பேப்பரெல்லாம் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடறேன்."

"எல்லாத்தையுமா?"

"வேலைக்குப் போறவருக்கு அது எதுக்குங்க?"

டைரக்டர் டீயைப் பார்த்தார். அதில் ஆடை படிந்திருந்தது. தான் நடிக்கிறோம் என்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது. குடை இருக்கப்போகிற அலமாரி கண்ணுக்குத் தெரிந்தது. திங்கள், செவ்வாய், புதன் என்று வரிசையாகப் பெயிண்ட் டப்பாக்கள் தெரிந்தன. இனிமேல் எந்த ஷாட்டுக்காகவும் தவிக்கவேண்டாம். அது உண்மையிலேயே கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதி வந்ததுதான் அவரை உடைத்துவிட்டது.

மனைவி தட்டை நகர்த்தி வைத்தாள். குரல் இறங்கியிருந்தது.

"நாலு வருஷமா உங்க முதுகையே பாத்துக்கிட்டிருக்கேங்க. கேமரா முன்னாடியும் முதுகு, கம்ப்யூட்டர் முன்னாடியும் முதுகு. கடை வேலைன்னா ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துடுவீங்க. எதிர்ல உக்காந்து முகத்தைப் பாத்துப் பேசலாம். எனக்கு ஆசைதான். பொய் சொல்லல."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"ஆனா வர்றது இந்த முகமா இருக்காதே. அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்?"

டைரக்டர் அழுதார். சிரிக்கவும் பார்த்தார், இரண்டும் ஒன்றாக வந்து முட்டிக்கொண்டன. நீல ஸ்வெட்டர் போட்ட கை ஒன்று மேஜையைத் தாண்டி வந்து அவர் கன்னத்தைத் துடைத்தது. சிறிது நேரம் அங்கேயே இருந்தது.

"கட்" என்றாள் மனைவி.

ஸ்டோர் ரூம் கதவு திறந்தது. கேமராவோடு போட்டோகிராபர் வெளியே வந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. வெங்காயம்தான் காரணம் என்று அவராகவே சொன்னார்.

டைரக்டர் திருதிருவென்று விழித்தார். "உனக்கு... எப்படி..."

"'நாலு பேர் மாதிரி ஒரு வேலைக்குப் போயிடறேன்.' சீன் நாற்பத்திரெண்டு. ஏழு தடவை டைப் அடிச்சது யாரு? வயலினை எடுத்துட்டு கேமராவைப் போட்டா எனக்குத் தெரியாதா? நேத்து பூரா கண்ணாடி முன்னாடி அதையேதானே முணுமுணுத்தீங்க!"

"அப்போ உங்க அண்ணன்?"

"நேத்தே டயலாக் எழுதிக் கொடுத்துட்டேன். கடைசி வரியை மறந்துட்டாரு."

"இவர்?"

போட்டோகிராபர் தலையைக் குனிந்துகொண்டார். "நேத்து சாயங்காலம் வந்து கேட்டாங்க, டைரக்டர். இவங்ககிட்ட எப்படிப் பொய் சொல்றது? நாற்காலியை மாத்திடறேன், நீங்க கேமராவை நகர்த்தாம வையுங்க, கையும் ஃப்ரேம்ல வரணும், கதவை இன்னும் ரெண்டு விரல் திறந்து கொஞ்சம் வைடா வையுங்கன்னாங்க. வெச்சேன்."

"அதுக்காகத்தான் இந்த வேகாத வெயில்ல ஸ்வெட்டரைப் போட்டேன்" என்று மனைவி அதைக் கழற்றினாள். "மூணாவது தடவை எழுதறப்பவே சொன்னேன், அந்த சீன்ல பொண்டாட்டி முகம் வேண்டாம், வயலினை விடறவன் முகம்தான் வேணும்னு. காதுல போட்டுக்கிட்டீங்களா?"

கேமராவின் சின்னத் திரையில் மூவரும் பார்த்தார்கள். எத்தனையோ ஷாட்டுகளாக முதுகை மட்டும் காட்டிய மனிதன் அதில் முதல்முறையாகத் திரும்பியிருந்தான். நிம்மதியும் இருந்தது. துக்கமும் இருந்தது. ஒரே நேரத்தில். நான்கு வருடமாக அவர் தேடிய முகம், தினமும் அவரே சவரம் செய்துகொள்கிற முகம்.

டைரக்டர் மனைவியின் பக்கம் திரும்பினார். "நீ கடைசியா சொன்னியே... அதுவும் எழுதி வெச்ச டயலாக்கா?"

"கேமரா உங்களைத்தானே பாத்துச்சு" என்றாள் அவள், தட்டுகளை அடுக்கிக்கொண்டே. "என்னைப் பாக்கல. நான் எதுக்குங்க நடிக்கணும்?"

அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். நான்கு வருடமாக அத்தனை கோணத்திலும் படம் பிடித்த கைதான். ஃபோகஸ் பார்க்காமல் பிடித்தது அன்றுதான். போட்டோகிராபர் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

ஆனால் கலைஞன் என்றால் சும்மா இருப்பானா? டைரக்டர் மறுபடியும் திரையைப் பார்த்தார். உச்சியில் ஒரு முடி நட்டுக்கொண்டு நின்றது. மீசையில் டீ. வெளிச்சம் இன்னும் ஐந்து நிமிடம் இருக்கும்போல் தோன்றியது. முடியைத் தண்ணீர் தொட்டு அமுக்கிக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் பழைய அதிகாரக் குரலில் கட்டளையிட்டார்.

"இன்னொரு டேக் போயிடலாம். ரெடி!"

போட்டோகிராபர் அவரைப் பார்க்கவில்லை. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள். அவர் லென்ஸை மூடினார்.

"டைரக்டர் ஓகே சொல்லிட்டாங்க, சார். எழுந்திருங்க."