கட்டிலில் இருந்ததும் கதிரில் இருந்ததும்

மேலூர்
12-12-1979

மரியாதைக்குரிய சம்பந்தி ஒத்தக்கடை முத்திருளன் அவர்களுக்கு சோணைமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் வயலும் சுகம். அவ்விடம் எல்லோரும் சொறியாமல் தூங்குகிறீர்களா என்று அறிய ஆவல்.

போன வெள்ளிக்கிழமை, நாங்கள் சீராகக் கொடுத்த கட்டிலை மாட்டு வண்டியில் ஏற்றி, அதன் மேலேயே என் மகள் ராமக்காளையும் உட்காரவைத்துத் திருப்பி அனுப்பினீர்கள். "வயக்காட்டுப் பூச்சியெல்லாம் கட்டிலோட வந்துருச்சு. அம்புட்டும் ஒழிஞ்ச பெறகு மகளை அனுப்பச் சொல்லு" என்று தங்கள் வீட்டம்மா சுந்தரம்மாள் வண்டிக்காரரிடம் சொன்னார்களாம். எனக்குக் கோபமில்லை. கல்யாணமாகி மூன்றே மாதத்தில் மகள் திரும்பி வந்தால் ஊர் பூச்சியைப் பற்றியா பேசும்? அந்தக் கவலைதான்.

எங்கள் வயலில் இருப்பது கதிர் நாவாய்ப்பூச்சி. கட்டிலில் இருப்பது மூட்டைப்பூச்சி. முன்னது ஒல்லி, பச்சை, நெட்டைக்கால், பறக்கும். பால் பிடித்த நெல்லை உறிஞ்சிப் பதராக்கிவிட்டு, கதிரிலேயே தைரியமாக உட்கார்ந்திருக்கும். பின்னது தட்டை, பழுப்பு, இறக்கை கிடையாது. ரத்தம் குடித்துவிட்டுச் சந்தில் ஒளியும். என் பூச்சி தங்களைக் கடிக்காது. தங்கள் பூச்சியை என் நெல்லில் விட்டால் பட்டினி கிடந்து சாகும். பயிருக்கு மருந்து சொல்ல வரும் கிராம சேவக்கிடமும் கேட்டேன். "ரெண்டும் ஒரே இனந்தாண்ணே. பல்லு கிடையாது, ஊசி மூக்கு. நசுக்குனா ரெண்டும் நாறும்" என்றார். இருக்கட்டும். நாமும்தான் சொந்தக்காரர்கள், அதற்காக உங்கள் வீட்டில் நடப்பதற்கெல்லாம் நான் பொறுப்பா? புதுக் கட்டிலில் பூச்சி தானாக முளைக்காது. தங்கள் சுவரிலிருந்துதான் ஏறியிருக்க வேண்டும். சாட்சிக்கு இரண்டையும் பிடித்து, ஆளுக்கொரு தீப்பெட்டியில் அடைத்து இத்துடன் அனுப்புகிறேன். சுந்தரம்மாள் பார்த்துத் தெளிந்து, மகளை அழைத்துக்கொள்ள வேண்டும். அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை.

தங்கள் வீட்டில் பூச்சி நீங்கலாக மற்றதெல்லாம் பெருக அழகர் அருள்வாராக.

இப்படிக்கு,
சோணைமுத்து

பி.கு.: கடிதத்தைப் படித்துக் காட்டியதும் என் மனைவி மாயக்காள், "புதுக் கட்டிலுன்னு எழுதாதீக. ஆரப்பாளையத்துல லாட்ஜை மூடுறப்ப வாங்கி வார்னிஷ் அடிச்சது மறந்துபோச்சா?" என்கிறாள். மறக்கவில்லை, எழுதும்போது ஞாபகம் வரவில்லை. இதற்குள் மாப்பிள்ளை சோலையே பஸ் ஏறி வந்துவிட்டார். "கட்டிலு வேணாம் மாமா, பாய் போதும். அவளைக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடிதத்தை அவர்களிடமே கொடுத்தனுப்புகிறேன். தீப்பெட்டிகள் தொலையாமலிருக்கக் காலையிலேயே மகளின் துணிப்பைக்குள் வைத்திருந்தேன். இப்போது பார்த்தால் ஒன்று காலி. பறக்கிறது பத்திரமாக இருக்கிறது. பையை உதறிப் பார்க்க நேரமில்லை, பஸ் வந்துவிட்டது. மகளை உள்ளே விடுங்கள். பையை வெயிலில் போடுங்கள்.