மூன்றாவது புள்ளி

ஒரு மாதம் யாரோடும் பேசாமல் இருந்த மனிதனின் கையில் வெண்கட்டியைக் கொடுக்கவே கூடாது.

என் முப்பதுகளின் தொடக்கத்தில், கண்டியில் கணித ஆசிரியர் வேலை கிடைத்ததும், பள்ளிக்கூடம் திறக்க ஒரு மாதம் முன்பே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிவிட்டேன் (அவ்வளவு அவசரம்!). கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடைக்காரர் காசிம் நானா வீட்டின் முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். அவரைக் கண்டால் தலையசைப்பேன். மாலையில் பாலத்தில் நின்று மகாவலியைப் பார்ப்பேன். வேறு துணையில்லை.

முதல் பாடத்தைப் பார்க்கத் தலைமை ஆசிரியரே கடைசி வாங்கில் வந்து உட்கார்ந்தார். பிடிக்காவிட்டால் ஊருக்கு ரயில்தான்.

y = 4x + 2 என்று எழுதினேன்.

"இந்த இரண்டுதான் வெட்டுத்துண்டு. நிலைக்குத்து அச்சில இரண்டில முதல் புள்ளி. நாலு, சாய்வு. அங்கயிருந்து வலப்பக்கம் ஒண்டு, மேல நாலு. இது ரெண்டாவது புள்ளி. ரெண்டையும் தொடுத்தால் நேர்கோடு!"

"போதும் மாஸ்டர், வெளங்குது" என்றார் தலைமை ஆசிரியர்.

எனக்குப் போதவில்லை. இத்தனை முகங்கள் என்னையே பார்க்கின்றன! "மூண்டாவதும் காட்டுறன் சேர்."

ஓர் அலகுக்கு அரை அடி வைத்திருந்ததால் பலகை முடிந்துவிட்டது. கதிரையில் ஏறிச் சுவரில் குத்தினேன். வெள்ளைச் சுவரில் வெள்ளைப் புள்ளி எனக்கே தெரியவில்லை. எட்டி அழுத்தினேன். கதிரை புரண்டது. வெண்கட்டியை விடாமல், பலகையில் கோடு இழுத்துக்கொண்டே வலப்பக்கமாகச் சரிந்து விழுந்தேன்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. தலைமை ஆசிரியர் எழுந்து வந்து தூக்கிவிட்டார்.

"வலப்பக்கம் போகப்போக எறங்குதே, இது மறைச் சாய்வு. அதையும் படிப்பிச்சிட்டீங்க. நாளைக்கும் வாங்க."

வேலை தப்பியது. பள்ளி விட்டதும் எல்லோரும் கூட்டங் கூட்டமாகப் போனார்கள். நான் நொண்டிக்கொண்டு தனியே நடந்தேன். பாலத்தில் எனக்கே சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தேன், சேர்ந்து சிரிக்க ஒருவரும் இல்லை. விழுந்தபோது அப்படி வலிக்கவில்லை.

வாசலில் காசிம் நானா கேட்டார்: "காலுக்கு என்ன மாஸ்டர்?"

ஒரு மாதப் பேச்சையும் சேர்த்துக் கொட்டினேன். அவர் உடுத்திருந்த சாரத்தால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். திரைக்குப் பின்னால் அவர் மனைவியின் சிரிப்பும் கேட்டது.

"தனிய என்னத்தத் தின்னப் போறீங்க? உள்ளுக்கு வாங்க, சோறு ஈக்கிது."

போய் உட்கார்ந்து, இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

இன்றைக்கும் கல்யாண வீடுகளில் நானாவின் பிள்ளைகள் என்னைச் சம்பந்திமாருக்கு இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்கள்: "இவரு எங்கட மாமா. கதிரையால விழுந்து கெடச்சவரு."