தவராஜா அண்ணையின் தேங்காயெண்ணெய் வைத்தியம்

திரும்ப மறுக்கும் கார்ச் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, ஒன்றுக்கு ஓர் ஆள் வீதம், "தள்ளுங்கோ, நான் பாக்கிறன்" என்று சொல்லும் ஓர் இனத்தைப் படைத்துவிட்டுத்தான் கடவுள் களைத்துப்போய்ப் படுத்திருக்க வேண்டும். இந்த இனத்தைத் தேடிப் போக வேண்டாம். நீங்கள் காரில் இருந்து ஒரு பெருமூச்சு விட்டால் போதும், கண்ணாடியில் மூக்கை ஒட்டியபடி நிற்கும்.

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற பிரதிநிதி தவராஜா அண்ணை. துணி ஆலையில் வேலை செய்தது இருபத்தெட்டு வருடம்; கார் திருத்திய அனுபவம், அவர் சொல்லக் கேட்டால், முந்நூறு வருடம். முதலில் காரை ஒருமுறை வலம்வருவார். ரயரை உதைப்பார். திறப்புக்கும் ரயருக்கும் என்ன உறவு? கேட்காதீர்கள். "எத்தினையாம் ஆண்டு வண்டி?" என்பார். எந்த ஆண்டைச் சொன்னாலும், "அதுதான்!" என்பார்.

போன தை மாதம், மைனஸ் ஆறு குளிரில், கல்யாண மண்டப வாசலில், கல்யாணத்துக்கு வந்துவிட்டு வேலைக்குப் புறப்பட்ட மேரிகிறேஸ் அவரிடம் அகப்பட்டாள். முதியோர் இல்லத்தில் மூன்று மணிக்கு வேலை. ஏற்கெனவே இரண்டு தரம் பிந்தியாயிற்று. இன்னொரு தரம் பிந்தினால் எச்சரிக்கைக் கடிதம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். மணி இரண்டேகால். திறப்பு அசையவில்லை.

"அண்ணை, ஸ்ரேறிங் பூட்டு இறுகித் திறப்பைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கு. ரெண்டு பக்கமும் ஆட்டி ஆட்டித் திருப்பிப் பாக்கட்டே?"

"சும்மா இரும் தங்கச்சி. அது வேற நோய், இது வேற வருத்தம்."

வன்னிக் காட்டில், யானை துரத்தத் துரத்த, முருங்கைக் குச்சியால் லொறி ஸ்ராட் பண்ணிய கதையைச் சொல்லிக்கொண்டே அவர் கோட்டின் உட்பையிலிருந்து சின்னப் போத்தலை எடுத்தார். தேங்காயெண்ணெய். முழங்காலுக்கும் முடிக்கும் கதவுக் கீலுக்கும் அவரிடம் உள்ள ஒரே மருந்து. உடம்புச் சூட்டில் உருகியிருந்த எண்ணெயைத் திறப்புத் துவாரத்துக்குள் தாராளமாக விட்டு, திறப்பைச் செருகி, "ஊறட்டும்" என்றார்.

ஊறியது. யாழ்ப்பாணத்து வெயிலில் என்றால் ஊறிக்கொண்டே இருந்திருக்கும். டென்மார்க்கில் ஐந்தே நிமிடத்தில் மெழுகுதிரியாகிவிட்டது. இப்போது திறப்பு திரும்பவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

"இது கொம்பனிப் பிழை" என்றார் தவராஜா அண்ணை.

மணி இரண்டே முக்கால். மேரிகிறேஸ் மண்டபத்துக்குள் ஓடினாள். கல்யாணப் பொம்பிளைக்குத் தலை அலங்காரம் செய்த ராசமலரையும், அவளுடைய முடி உலர்த்தியையும், நீண்ட வயரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தாள். ராசமலர் ஜன்னல் வழியாகச் சூட்டுக்காற்றை அடிக்க, எண்ணெய் உருக, கார் முழுதும் பலகாரச் சட்டி மணக்க, மேரிகிறேஸ் ஒரு கையால் ஸ்ரேறிங்கை இடமும் வலமும் ஆட்டி, மறு கையால் திறப்பை மெல்லத் திருப்பினாள்.

டக்.

கார் உறுமியது. மூன்று மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில் இல்லத்து வாசலில் இறங்கினாளாம். அவளைக் கண்ட கிழவி ஒருத்தி, "கேக் சுட்டனியோ?" என்று டேனிஷில் கேட்டாளாம்.

மண்டப வாசலில் தவராஜா அண்ணை போத்தலை மூடியபடி சுற்றி நின்றவர்களுக்குச் சொன்னார்: "பாத்தியளே? எண்ணெய் ஊற நேரம் குடுக்கவேணும்."

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் திறப்பு இறுகியது என்று வாசித்த உடனேயே, "பென்சில் கரித்தூள் போட்டிருக்கலாமே, எனக்குத் தெரியும்" என்று உங்களுக்குள் யாரோ முணுமுணுத்தாரே? அவரை ஒருக்கால் கோட்டுப் பையைத் தடவி, சின்னப் போத்தல் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.