தவராஜாவுக்கு வந்த காய்ச்சல்

ஐந்து மணிக்கு வீட்டில் ஜெபக்கூட்டம். இரண்டே காலுக்கு இன்பநாதனின் மைத்துனன் தவராஜா தள்ளாடி வந்து, ஆட்கள் உட்கார அடுக்கி வைத்த கதிரைகளுக்கு நடுவே குப்புற விழுந்தான். வீடு முழுக்கச் சாராய வாடை.

2009 மே மாதம். இலங்கையில் போர் முடிந்ததென்று அன்று காலையில்தான் செய்தி வந்திருந்தது. தவராஜாவின் அண்ணன் குடும்பம் வன்னிக்குள் அகப்பட்டு ஐந்து கிழமையாக ஒரு சேதியும் இல்லை. டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரத் தமிழ்ச் சபையார் எல்லோரும் இன்பநாதன் வீட்டில் கூடி அழுது ஜெபிப்பதாக ஏற்பாடு. இன்பநாதன் சபையின் மூப்பர். தவராஜா குடியை விட்டுவிட்டான் என்று ஈஸ்டர் அன்று மேடையேறிச் சாட்சி சொன்னவரும் அவரேதான்.

"தவம், எழும்பு! பாஸ்டர் வரப்போறார்."

"அவரையும் பாருங்கோ அத்தான்... பாவம் மனுசன்."

அண்ணனை நினைத்துப் பிதற்றுகிறான் என்று இன்பநாதனுக்குக் கண் கலங்கியது.

கூட்டத்தை வேறு வீட்டுக்கு மாற்றலாமென்று பாஸ்டருக்கு அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உபவாசத்தில் இருப்பார், நல்ல மனிதர்.

இன்பநாதன் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. பிரசங்கத்தில் பாவம் எப்படிப் போகுமென்று சொல்வார்கள். குடிவெறி எப்படிப் போகுமென்று யாரும் சொன்னதில்லை.

முதலில் கறுப்புக் கோப்பி கொடுத்தார். பாதி சேட்டில் கொட்டியது, மீதி புரையேறியது. உடுப்போடு இழுத்துப்போய்க் குளிர்ந்த ஷவருக்குக் கீழே பிடித்தார். வெறி அப்படியே இருந்தது, தவராஜாவின் உதடுதான் நீலமானது. ஊரில் பாம்பு கடித்தவனைத் தூங்கவிடாமல் நடத்துவார்களே, அது ஞாபகம் வந்தது. அக்குளுக்குள் கை கொடுத்து சோபாவைச் சுற்றி நடத்தினார். மூன்றாவது சுற்றில் இருவரும் கதிரைகளையும் சேர்த்துக்கொண்டு விழுந்தார்கள். மூப்பர் எழுந்தார். தவராஜா எழவில்லை.

முதியோர் இல்லத்தில் வேலை முடித்து இன்பநாதனின் மனைவி மனோன்மணி வந்தபோது மூன்றரை மணி.

"என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"கோப்பி குடுத்தனான். குளிக்க வாத்தனான். இப்ப தொண்டைக்குள்ளை விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்க..."

"கையை எடுங்கோ! சத்தி மூச்சுக்குழாய்க்குள்ளை போனா ஆள் முடிஞ்சுது."

அவள் தம்பியின் காதைக் கிள்ளினாள். அசைவில்லை. மூச்சை எண்ணினாள், நிமிடத்துக்கு ஏழுதான். ஆளைப் பக்கவாட்டில் சரித்து, முழங்காலை மடக்கி, ஈர உடுப்பைக் கழற்றிப் போர்த்தினாள்.

"கோப்பி குடுத்தா வெறி போகாதப்பா. ஈரல்தான் கழுவவேணும். அது தன்ரை வேகத்திலை, மணித்தியாலத்துக்கு ஒரு கிளாஸ் கணக்கிலைதான் கழுவும். 112-க்கு அடிச்சனீங்களோ?"

"ஆம்புலன்ஸ் வந்தா சபை முழுக்கத் தெரியுமே, மனோ."

"செத்தவீடு நடந்தாலும் சபை முழுக்கத் தெரியும்!" என்றாள் மனோன்மணி. "அண்ணையைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. தம்பியையும் விடச் சொல்லுறியளோ?"

இன்பநாதன் தொலைபேசியை எடுத்து அவரே எண்களை அழுத்தினார்.

ஆம்புலன்ஸ்காரர்கள் ஒக்சிஜன் வைத்தார்கள். இரத்தத்தில் சீனி பார்த்தார்கள், கையில் சேலைன் ஏற்றினார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சொல்ல முடியாது என்றார்கள். ஈரச் சேட்டோடு சுவரோரம் நின்ற இன்பநாதன் வெட்கத்தை விட்டு அழுதார். தன் சாட்சியைக் காப்பாற்றப் போய் ஒரு உயிரை அல்லவா விடப் பார்த்தோம் என்று தன்னையே நொந்துகொண்டார்.

தவராஜாவை வாசலால் கொண்டுபோகையில் தொலைபேசி அடித்தது. எதிர்க் கட்டடத்தில் இருக்கும் பாஸ்டரின் மனைவி மேரிசெலின்.

"அண்ணை, உங்கட வாசலிலை ஆம்புலன்ஸ் நிக்குது."

இன்பநாதன் கண்ணைத் துடைத்தார். பழைய பயம் ஒரு நொடியில் திரும்பி வந்தது.

"ஓம் தங்கச்சி... தவத்துக்குக் கொஞ்சம் காய்ச்சல்."

மறுமுனையில் விசும்பல் கேட்டது.

"காய்ச்சலெண்டு சொல்லாதேங்கோ அண்ணை, ரெண்டு பேரும் எங்கட குசினி மேசையிலை இருந்துதான் குடிச்சவை, அந்த ஆம்புலன்ஸை அனுப்பிப் போடாதேங்கோ, பாஸ்டரும் எழும்புறாரில்லை."