முழங்கால் ஆழப் பனி

மலைமேல் முழங்கால் ஆழத்துக்குப் பனி கிடக்கிறது என்று நவம்பர் மாதத்தில் யாராவது உங்கள் காதில் போட்டால், சொன்னவரின் முழங்காலைப் பார்க்காதீர்கள். பனியில் சறுக்க அவர் காலில் மாட்டும் பலகையைத் திருப்பி, அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

இவர்கள் முதல்பனிப் பித்தர்கள் என்ற தனி இனம். அமெரிக்காவின் வெர்மான்ட் மலையூர்களில் ஊருக்குப் பத்துப் பேர் தேறுவார்கள். எங்கள் ஊருக்கு மெரில் திபோ ஒருவரே போதும். திங்களன்று பனி பெய்தால் இந்த வருஷம் அமோகம் என்பார். செவ்வாயன்று மழை வந்து அதைக் கரைத்தால், அடியில் இறுகத்தானே வேண்டும் என்பார். புதனன்று அந்த ஈரமெல்லாம் உறைந்து ஊரே கண்ணாடியாகி, தபால்காரர் நடுத்தெருவில் வழுக்கி உட்கார்ந்தால், அவரைத் தூக்கி நிறுத்திக்கொண்டே, "இதான் அஸ்திவாரம்" என்பார். கெட்ட வானிலை என்று ஒன்றை அவர் கண்டதே இல்லை.

பருவம் தொடங்குமுன் பழைய பலகைகளைத் தீயில் போட்டுப் பனியை வேண்டிக்கொள்வது ஊர் வழக்கம். விவரமுள்ளவர்கள் உடைந்ததைப் போடுவார்கள். கல்லில் உரசினாலும் போகட்டும் என்று, ஆரம்பப் பனிக்கென்றே ஒரு கிழட்டு ஜோடி எல்லார் வீட்டிலும் இருக்கும். மெரிலிடம் இருந்ததே அது ஒன்றுதான். பீர் உற்சாகத்தில் அதையே நெருப்பில் எறிந்தார்.

மறுநாள் காலை, ரொட்டிக்கடை டெல்மா அந்த முழங்கால் சேதியைச் சொன்னார். மெரில் விசாரித்தாரா? நேராகப் பக்கத்து வீட்டுக் கொரினிடம் பலகை இரவல் கேட்கப் போனார். கொரின் குழந்தைகளுக்குச் சறுக்கக் கற்றுத்தருபவர்; டிசம்பர் வகுப்புகளுக்காகப் புதுப் பலகை வாங்கி வைத்திருந்தார். பலகையில் பூட்டும் காலணி இருவருக்கும் ஒரே அளவு என்பது கொரினுடைய போதாத காலம்.

"மேல கல்லு கில்லு இருந்துச்சுன்னா, மெரில்? அதை வெச்சுத்தான் என் பொழப்பே ஓடுது."

"முழங்கால் ஆழம், கொரின். கல்லைப் பாக்கணும்னா தோண்டித்தான் பாக்கணும்."

தோண்ட வேண்டியிருக்கவில்லை. மேலே, இயந்திரம் தூவிய செயற்கைப் பனி ஒரு படுக்கை விரிப்பின் அகலத்துக்குக் கிடந்தது. இருபுறமும் புல், சேறு, அதன்மேல் சர்க்கரை தூவினாற்போல் ஒரு வெள்ளை. நிஜப் பனி அங்கேதான் இருக்கிறது என்று மெரில் ஓரத்தில் இறங்கினார். சத்தம் அடிவாரம்வரை கேட்டதாம்.

பலகையின் அடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரல் நுழையும்படி ஓடிய கீறலைக் கொரின் தடவிப் பார்த்தார்.

"இதுவும் அஸ்திவாரமா?"

நல்ல பனி விழுந்ததும் புது ஜோடி வாங்கித் தருவதாக மெரில் சத்தியம் செய்தார்.

அந்தச் சேதி எங்கிருந்து கிளம்பியது என்று பிறகு விசாரித்தோம். டெல்மாவுக்குச் சொன்னவர், பழுதான கார்களை இழுத்துப்போகும் வண்டி ஓட்டுபவர். அவருக்குச் சொன்னது? முந்தின நாள் நெருப்போரத்தில், கையில் பீரோடு நின்ற மெரில்தான்.

சிரியுங்கள். பனியையே பார்த்திராதவர் என்றால் இன்னும் பலமாகச் சிரியுங்கள். ஆனால் இன்று காலை உங்கள் காதுக்கு வந்த நல்ல சேதி, நேற்று நீங்களே கிளப்பிவிட்டதில்லையே?

அதன்பின் மூன்று முறை பனி கொட்டிவிட்டது. கொரின் இரவல் பலகையில்தான் பாடம் நடத்துகிறார். அதெல்லாம் ஒரு பனியா என்கிறார் மெரில்.