நாலாவது சீட்டு

இனி மைதானத்துக்குள் கால் வைப்பதில்லை என்று என் வீட்டுக்காரர் சவுரியப்பன் ஈஸ்டர் அன்று கறிக்குழம்பின் முன்னால் சபதம் செய்தார். பைபிள் மேல் செய்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கறிக்குழம்பு என்பதால் பாதி நம்பினேன்.

எங்கள் சர்ச் பங்கின் கால்பந்து அணிக்கு இவர்தான் மேனேஜர். ஓரமாய் நின்று கத்துவதுதான் வேலை. போன வருஷம் கத்தியது போதவில்லை என்று, ஐம்பத்திரண்டு வயதில் தன்னையே மாற்று ஆட்டக்காரராக இறக்கிக்கொண்டார். மூன்று நிமிஷம் ஓடினார். முழங்கால் ஒரு பக்கம் போனது, இவர் ஒரு பக்கம் போனார். அப்புறம் நாலு மாசம் பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாய்க் கூட்டிப் போனது நான். அந்தப் பதினோரு பேரில் ஒருத்தனும் வரவில்லை.

இன்னொரு தடவை முறுக்கிக்கொண்டால் ஆபரேஷன்தான் என்று தருமபுரி டாக்டர் சொல்லிவிட்டார். வருகிற மாசம் எங்கள் ஜாஸ்மினுக்குக் கல்யாணம். கோவில் வாசலிலிருந்து பீடம் வரை அவள் கையைப் பிடித்து அப்பாதான் நடத்திப் போக வேண்டும். வீல்சேரில் வந்தால் யார் யாரை நடத்துவது?

"இந்த வருஷம் என் மூளை மட்டுந்தான் விளையாடும் புஷ்பா" என்றார்.

"பாத்துங்க. பழக்கமில்லாதது, சுளுக்கிக்கப் போவுது."

மறுநாள் கடத்தூர் அணியோடு இறுதிப் போட்டி. மூன்று பேரைத்தான் மாற்றலாம். போன வருஷம் யார் உள்ளே, யார் வெளியே என்று அடிதடி ஆனதால், இந்த வருஷம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கமிட்டி ஒரு சீட்டு கேட்டது. போகிறவர் நம்பர், வருகிறவர் பெயர், மேனேஜர் கையெழுத்து.

எங்கள் வீட்டில் ரேஷன் கடை மனுவிலிருந்து பாங்க் பாரம் வரை ஒரே முறைதான். அவர் முதலில் கையெழுத்துப் போடுவார், நான் பிறகு நிரப்புவேன். கான்வென்டில் படித்தவளைக் கட்டியதில் அவர் கண்ட ஒரே லாபம். அன்றும் நாலு சீட்டில் கையெழுத்துப் போட்டார். இரண்டில் அவர் சொன்ன பெயர்களை எழுதினேன். மூன்றாவதைத் தானே பார்த்துக்கொள்வதாக எடுத்துக்கொண்டார். நாலாவது, பிழை கிழை வந்தால் இருக்கட்டும் என்று என்னிடமே தங்கியது.

போட்டி நாள் காலை அவர் குளிக்கப் போனதும், மாட்டியிருந்த சட்டைப் பையில் கைக்குட்டை வைக்கப் போனேன். உள்ளே அந்த மூன்றாவது சீட்டு. எலுமிச்சம்பழ சைஸ் எழுத்தில், போவது ஆறாம் நம்பர், வருவது சவுரியப்பன்.

நான் சண்டை போடவில்லை. போட்டால் வேறு வழி யோசிப்பார். நாலாவது சீட்டை எடுத்தேன். போவது ஆறு, வருவது இளம்பரிதி என்று எழுதினேன். அந்தப் பிள்ளை மூன்று வருஷமாக பென்ச்சிலேயே குடியிருக்கிறான். அவன் ஓடுகிற வேகத்துக்குத் தெருநாய் துரத்தாது, நின்று பார்க்கும். சீட்டை அதேபோல் மடித்து அதே பையில் வைத்தேன். பழையது துவரம்பருப்பு டப்பாவுக்குள் போனது. அவருடைய படிக்கிற கண்ணாடி வழக்கம்போல் என் கைப்பையில். மேனேஜர் கண்ணாடி போட்டால் எதிரணிக்குப் பயம் விட்டுப்போகுமாம்.

சித்திரை வெயிலில் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு நின்றார். முதல் இரண்டு சீட்டும் தீர்ந்தன. கோல் மட்டும் யாரும் போடவில்லை. பத்து நிமிஷம் இருக்கும்போது சட்டையைக் கழற்றினார். உள்ளே மஞ்சள் ஜெர்சி. அதற்குள்ளே தொப்பை. முழங்காலைத் தூக்கித் தூக்கிக் குதித்தார். ஒவ்வொரு குதிப்புக்கும் ஜாஸ்மின் என் கையைக் கிள்ளினாள். கடத்தூர் பின்வரிசை ஆட்கள் இரண்டு பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சீட்டைப் பிரிக்காமலே மேஜையில் கொடுத்துவிட்டுக் கோட்டருகே போனார். மைக்கில் கமிட்டிக்காரர் சென்றாயன் வாசித்தார்: "ஆறாம் நம்பர் வெளிய வர்றாரு. உள்ள போறது, இளம்பரிதி."

கோட்டின் மேல் ஒரு காலை வைத்தவரைக் கொடி பிடித்தவர் மறித்தார்.

"யோவ், அது நானுய்யா."

சென்றாயன் சீட்டை நீட்டினார். "உங்க கையெழுத்துதானுங்களே?"

அவர் சீட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். கிட்டே கொண்டு வந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். ஊரே பார்க்க, தன் கையெழுத்தைத் தனதில்லை என்று சொல்ல முடியுமா? அதற்குள் இளம்பரிதி ஓடிவிட்டான். சிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்தான். அவர்கள் வாயை மூடுவதற்குள் கோல் விழுந்தது.

ஆட்டம் முடிந்ததும் இவரைத் தோளில் தூக்கினார்கள். ஜெர்சி எதற்கு என்று பங்குத்தந்தை கேட்டார்.

"அது உத்திங்க ஃபாதர். நான் வர்றேன்னு அவனுங்க அசந்துட்டானுங்க."

தோளிலிருந்து இறங்கி, இரண்டு காலிலும் நொண்டாமல் ஸ்கூட்டர் வரை நடந்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கும் ஜாஸ்மினுக்கும் மூச்சு வந்தது.

வீட்டுத் தெரு திரும்பியதும் மெதுவாகச் சொன்னார்: "அடுத்த வருஷம் எல்லாச் சீட்டையும் நானே எழுதிக்கறேன் புஷ்பா."

"தாராளமா எழுதுங்க. கண்ணாடி என் பையிலதான் இருக்கும்."